ஓரியை வீழ்த்திய கை

(முள்ளுக்குறிச்சியில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொல்லிமலை அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் அன்று மாலை பேசியதைக் கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்று சகோதரர்கள் வற்புறுத்தியதால் இங்கே எழுதித் தருகிறேன். எதிரில் உட்கார்ந்து கேட்பதாக எண்ணிக்கொண்டு படியுங்கள்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்பு தேநீர்க் கடையில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், சரித்திரத்திலேயே ரொம்பப் பரிதாபமான மன்னர் யார்? திப்பு சுல்தான்தானே?"

அவருடைய வண்டியின் முன்பக்கத்தில் புலிப் படம் ஒட்டியிருந்தது. திப்புவின் பெயரைச் சொல்லும்போதே அவருடைய கண்கள் கலங்கின. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. "தம்பி, எதிரே தெரிகிற இந்த மலையை முதலில் பாருங்கள். பதிலை மேடையில் சொல்கிறேன்" என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குப் போவதற்கு முன்னால் இந்த மலையைக் கொஞ்சம் பாருங்கள்!

மூன்று வள்ளல்கள், ஒரு மலை

இந்த மலைக்கு ஓரி என்று ஒரு மன்னன் இருந்தான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. வல்வில் ஓரி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் என்ற புலவர் பாடியிருக்கிறார். இன்றைக்கும் செம்மேட்டில் அவனுக்குச் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டி அரசு விழா நடக்கிறது. நம்மில் பலர் அந்த விழாவுக்குக் கடை போடப் போகிறோம். பொரி, பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் விற்றுவிட்டு வருகிறோம். ஆனால் அந்த ஓரி எப்படி இறந்தான் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

அவனைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. திருக்கோவலூர்ப் பகுதியை ஆண்டவன். ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. கவனியுங்கள் சகோதரர்களே! கொன்றவன் ஒருவன்; மலையைப் பெற்றுக்கொண்டவன் இன்னொருவன்!

காரி ஏன் அப்படிச் செய்தான்? சங்கப் பாடல்களைக் கோத்துப் பார்த்த தமிழறிஞர்கள் சொல்லும் வரிசை இது: தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி திருக்கோவலூர் மீது படையெடுத்துக் காரியைத் தோற்கடித்தான். ஊரை இழந்த காரி, பலம் பொருந்திய சேரனிடம் போனான். சேரனுக்குக் கொல்லிமலை மீது கண் இருந்தது. சேரனுக்காகக் காரி வாளெடுத்தான். வீழ்ந்தது அவனைத் துரத்திய அதியமான் அல்ல, மலைமேல் இருந்த ஓரி!

அதன் பிறகாவது காரியம் முடிந்ததா? இல்லை. கொல்லியில் காலூன்றிய சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை நோக்கித் திரும்பினான். கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் அவனுக்குத் துணையாக வந்த இரு பெரு வேந்தரையும் ஒருசேர வென்று, பிறகு தகடூரையும் தகர்த்ததாகப் பதிற்றுப்பத்து சொல்கிறது. 'தகடூர் எறிந்த' என்ற அடைமொழியே அவனுடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதியமான் இறந்தபோது ஔவையார் அழுத அழுகை புறநானூற்றில் இன்றும் இருக்கிறது.

இப்போது கணக்குப் பார்ப்போம். நாம் வியாபாரிகள்தானே! கடையெழு வள்ளல்கள் என்று தமிழ்நாடு போற்றும் ஏழு பேரில் ஓரி ஒருவன், காரி ஒருவன், அதியமான் ஒருவன். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத மூன்று பேர். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர்கள் பக்கத்து நாட்டுக்காரனுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை! மூவரும் ஒருவரை ஒருவர் கழித்துக்கொண்டார்கள். மிச்சம் சேரனிடம் போனது.

காரியின் குலத்துக்கு என்ன ஆனது? பிற்காலத்தில் மலையமானின் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் யானைக் காலில் இடுவதற்குக் கொண்டுவந்தான். பச்சைக் குழந்தைகள்! யானையை வேடிக்கை பார்த்ததில் அந்தப் பிள்ளைகள் அழுகையையே மறந்துவிட்டார்கள் என்று சொல்லி, கோவூர் கிழார் என்ற புலவர் மன்னனிடம் மன்றாடி அவர்களைக் காப்பாற்றினார். ஒரு காலத்தில் ஓரியின் தெருவில் வெற்றியோடு நுழைந்தவனின் குலக் கொழுந்துகள், தங்களுக்காகப் பேச ஒரு புலவரைத் தவிர ஆளில்லாமல் அங்கே நின்றன.

இதே மண்ணில் திப்பு

இப்போது அந்த இளைஞர் கேட்ட திப்புவிடம் வருவோம். திப்புவின் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. சேலம், நாமக்கல், ராசிபுரம் பகுதிகள் அன்று மைசூர் ஆட்சியில் இருந்தவை. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில்தான் இந்த மண் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது.

அந்த உடன்படிக்கை சாதாரணமானதா? ராஜ்ஜியத்தில் பாதி போனது. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அதைக் கட்டி முடிக்கும் வரை பிணையாகத் திப்புவின் இரண்டு பிள்ளைகள்! சின்னஞ்சிறுவர்களான அப்துல் காலிக்கையும் முயிஸுத்தீனையும் காரன்வாலிஸ் பிரபுவிடம் ஒப்படைத்தார்கள். சென்னைக்குக் கொண்டு போகப்பட்ட பிள்ளைகள் 1794-இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். பிள்ளையைப் பெற்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

ஆனால் நாம் மேடைகளில் சொல்லாமல் தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் போரில் திப்புவுக்கு எதிராக நின்றது கம்பெனி மட்டுமா? ஹைதராபாத் நிஜாமும் நின்றார், மராத்தியரும் நின்றார்கள். திப்புவிடம் பறித்த பாதி ராஜ்ஜியத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். நிஜாம் யார்? தொழுகையாளிதானே! ஒரே கிப்லாவை நோக்கி நிற்பவர்தானே! ஆகவே, "அவன் மதம் வேறு, அதனால் கெடுத்தான்" என்று எளிதாகச் சொல்லித் தப்பிக்க இந்தச் சரித்திரம் நம்மை விடாது.

1799 மே 4. கோட்டைச் சுவரில் பீரங்கி உடைத்த பிளவு வழியாக நண்பகல் கடந்து கம்பெனிப் படை உள்ளே புகுந்தது. நிஜாமின் படையும் அவர்களோடு வந்திருந்தது. கூலி தருவதாகச் சொல்லிச் சிப்பாய்களை அந்த இடத்திலிருந்து அழைத்துப் போனவர் அமைச்சர் மீர் சாதிக் என்று சரித்திரம் எழுதியவர்கள் குற்றம் சாட்டுகிறார்கள். மீர் சாதிக்கை மைசூர்ச் சிப்பாய்களே அன்று வெட்டிக் கொன்றார்கள். சுல்தான் தப்பி ஓடவில்லை. வாசலருகே பிணக்குவியலுக்கு நடுவே அவருடைய உடலைக் கண்டெடுத்தார்கள். மறுநாள் தந்தை ஹைதர் அலியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

சகோதரர்களே! திப்புவிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடகிலும் மலபாரிலும் அவருடைய படையெடுப்பால் ஏற்பட்ட துயரத்தை அங்குள்ளவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்கும் நேர்மை நமக்கு வேண்டும். 1789-இல் திருவிதாங்கூர் மீது அவர் தொடுத்த தாக்குதல்தான் பகைவர் மூவரும் கைகோக்க வழி திறந்தது என்பதும் உண்மை. மாவீரர்களைத் தவறே செய்யாதவர்களாக ஆக்கிவிட்டால் அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது, ஸ்டிக்கர் ஒட்ட மட்டும்தான் முடியும்!

பங்கு வாங்கியவர்களின் கதி

திப்புவின் முடிவு எல்லோருக்கும் தெரியும். பங்கு வாங்கியவர்களின் முடிவு எத்தனை பேருக்குத் தெரியும்?

நிஜாம், 1798-லேயே கம்பெனிப் படையைத் தன் நாட்டில் வைத்துக்கொள்ளவும் அதற்குச் செலவு தரவும் ஒப்புக்கொண்டிருந்தார். 1800-இல் அந்தச் செலவுக்கு ஈடாக எதைக் கொடுத்தார் தெரியுமா? 1792-லும் 1799-லும் மைசூரிடமிருந்து தமக்குக் கிடைத்த பங்கை! பெல்லாரி, கடப்பைப் பகுதிகள் எல்லாம் கம்பெனிக்குப் போயின. அண்டை வீட்டில் கொள்ளையடித்த பாத்திரத்தைக் காவலுக்கு வந்தவனுக்கே கூலியாகக் கொடுத்த கதை.

மராத்தியப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் 1802-இன் கடைசி நாளில் கம்பெனியின் பாதுகாப்பில் கையெழுத்திட்டார். 1818-இல் பதவி போனது. கான்பூர் அருகே பித்தூரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு 1851 வரை உயிர் வாழ்ந்தார்.

ஆற்காட்டு நவாபுகள் ஹைதரையும் திப்புவையும் எதிர்த்துக் கம்பெனியோடு நின்றவர்கள்; கம்பெனிக்காரர்களிடம் கடன் வாங்கி வாங்கியே கழுத்தளவு மூழ்கியவர்கள். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, "நீங்கள் திப்புவோடு ரகசியமாகப் பேசியிருக்கிறீர்கள்" என்று சொல்லி 1801-இல் கர்நாடக ஆட்சி முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. வாழ்நாளெல்லாம் யாரை எதிர்த்தார்களோ, அவருடைய நண்பர்கள் என்று குற்றம் சாட்டி அவர்களை முடித்தார்கள்! இதைவிடப் பரிதாபம் உண்டா?

கடல் கடந்தும் இதே கதைதான். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நம் தமிழகத்து நாயக்கர் வம்சம். அவரும் கொடுமை செய்தார்; எஹெலபொல என்ற பிரதானியின் மனைவி மக்களை 1814-இல் கொல்லச் செய்தார். எஹெலபொல ஆங்கிலேயரோடு சேர்ந்தார். 1815-இல் கண்டி வீழ்ந்தது. மன்னரை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு வந்தார்கள். 1806 கிளர்ச்சி வரை திப்புவின் மக்களை அடைத்து வைத்திருந்த அதே கோட்டை! அங்கேயே 1832-இல் இறந்தார். எஹெலபொல மன்னரானாரா? அவரையும் மொரீஷியஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1829-இல் அங்கேயே மடிந்தார்.

மதரஸாவில் ஓதிய காலத்தில் கிரானடாவின் கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ்வைப் பற்றி உஸ்தாத் சொல்லும்போது நாங்கள் அழுதிருக்கிறோம். 1492 ஜனவரி 2-ஆம் நாள் நகரத்தின் சாவியை ஒப்படைத்தவர். அவர் தம் தந்தையோடும் சிற்றப்பாவோடும் பதவிக்காகப் போரிட்டதையும், எதிரியிடம் சிறைப்பட்டு அவர்களுக்குக் கட்டுப்பட்டவராக விடுதலையானதையும், 1487-இல் மலகா நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது அதற்கு உதவாமல் இருந்ததையும் பிற்பாடு படித்தேன். மலகா போன ஐந்தாம் ஆண்டு கிரானடாவும் போனது.

கொல்லிமலை, ஸ்ரீரங்கப்பட்டினம், கண்டி, கிரானடா. மொழி வேறு, மார்க்கம் வேறு, நூற்றாண்டு வேறு. வீழ்த்திய கை மட்டும் ஒன்றுதான். பக்கத்தில் இருந்தவனின் கை!

என் வீட்டுக் கதை

"ஹஜ்ரத், இதெல்லாம் ராஜாக்கள் கதை. எங்களுக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா? என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

என் அத்தா ஒரு கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடை அவருடைய நண்பருடையது. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். நண்பரின் கடையில் கூட்டம் அதிகமானது. அத்தாவின் மனதில் ஒரு முள் தைத்தது. ஒருநாள் இரவு கட்டடக்காரரிடம் போய், "அந்தக் கடையையும் எனக்கே கொடுங்கள், வாடகையும் அட்வான்ஸும் கூடத் தருகிறேன்" என்றார். அதே மாதம் நண்பரைக் காலி செய்யச் சொன்னார்கள். அத்தா நடுச்சுவரை இடித்துக் கடையைப் பெரிதாக்கினார். நான் சிறுவன், புதுக் கடை என்று மகிழ்ச்சியில் குதித்தேன்.

மூன்று ஆண்டுகள் போயின. ஒரு பெரிய ஜவுளிக்கடைக்காரர் அதே கட்டடக்காரரிடம் வந்து இன்னும் கூடுதலாகப் பேசினார். அத்தாவைக் காலி செய்யச் சொன்னபோது, "இத்தனை வருஷப் பழக்கம், இப்படிச் செய்யலாமா?" என்று அத்தா கெஞ்சினார். கட்டடக்காரர் கோபப்படவே இல்லை. "பாய், இந்த வழியை எனக்குக் காட்டியதே நீங்கள்தானே?" என்றார்.

அன்று இரவு அத்தா சாப்பிடவில்லை. மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். அந்த நண்பர் அங்கே சாக்கு விரித்துத் தரையில் கடை போட்டிருந்தார். அத்தா அவர் முன்னால் உட்கார்ந்தார், வார்த்தை வரவில்லை. அவர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அன்று அத்தா அழுததைப் போல அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

காரியும் கெட்டவன் அல்ல, என் அத்தாவும் கெட்டவர் அல்ல. அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்!

இன்று நம் கையில் என்ன இருக்கிறது?

இந்த அடிவாரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மலைவாழ் சகோதரர் ஒருவரின் தோட்டத்து மிளகுக்கோ பலாவுக்கோ நம்மவர் ஒருவர் விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்குகிறார். மறுநாள் இன்னொருவர் மேலே போய், "அவர் ஏமாற்றுக்காரர், நான் கூடத் தருகிறேன்" என்கிறார். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மீது இன்னொருவர் விலை பேசுவதை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதை மதரஸாவில் ஓதாதவரும் அறிவார். பகிரங்க ஏலத்தில் கூட்டிக் கேட்பது வேறு. பேசி முடித்ததைக் கலைப்பது வேறு. இரண்டு பேரும் இப்படி மோதி நொடிந்த பிறகு, வெளியூர்ப் பெருமுதலாளி வருகிறார். அவர் வைத்ததுதான் விலை. நமக்கும் நட்டம், மலைக்காரருக்கும் நட்டம்.

இளைஞர்களே! உங்களுக்குள் என்ன நடக்கிறது? ஒரே தெருவில் இரண்டு கோஷ்டி. இவர் நடத்தும் கூட்டத்தை நிறுத்த அவர் மொட்டைக் கடிதம் போடுகிறார். அவர் செய்யும் நல்ல காரியத்தைக் கெடுக்க இவர் அரசியல்வாதியின் வாசலில் நிற்கிறார். வண்டியில் திப்பு படம். சட்டைப் பையில் மீர் சாதிக்கின் பேனா! இது நியாயமா?

அநியாயம் நடந்தால் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. திருட்டையும் அடிதடியையும் "நம்மவர்" என்று மூடி மறைப்பதும் துரோகம்தான். நியாயம் கேட்டுப் போவது உரிமை. பொறாமையால் போவதுதான் காரி சேரனிடம் போனது. எதற்காகப் போகிறோம் என்பது போகிறவரின் மனதுக்குத் தெரியும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: மலையில் சரக்குப் பேசுமுன், "வேறு யாரிடமாவது முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் ஸலாம் சொல்லித் திரும்பிவிடுங்கள். இரண்டு: வியாபாரிகளுக்குள் தகராறு வந்தால் முதலில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசுங்கள். அந்த ஐவரில் நம் ஜமாஅத்தைச் சாராத ஒரு வியாபாரியும், மலைக்காரர் ஒருவரும் இருக்கட்டும். அண்டை வீட்டுக்காரர் என்றால் எல்லா அண்டை வீட்டுக்காரரும்தான்! மூன்று: யார் மீது புகார் எழுதினாலும் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். பெயர் போடத் துணிவில்லாத புகாரைக் கிழித்துப் போடுங்கள்.

இப்போது அந்த இளைஞருக்குப் பதில். தம்பி, மிகவும் பரிதாபமானவர் திப்பு அல்ல. அவரை நினைத்து அழ இருநூறு ஆண்டுகள் கழித்தும் நீங்கள் இருக்கிறீர்கள். ஓரியும் அல்ல, செம்மேட்டில் அவனுக்கு மாலை போட ஊரே திரண்டு வருகிறது. அண்டை வீட்டுக்காரனை விற்றுப் பங்கு வாங்கி, அந்தப் பங்கையும் பறிகொடுத்து, தன் முறை எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்கள்தான் பரிதாபமானவர்கள். அவர்களுக்காக அழ யாரும் இல்லை. அந்த வரிசையில் நம் பெயர் சேராமல் இருக்க அல்லாஹ் உதவி செய்வானாக!

அடுத்த ஆடி மாதம் விழாவுக்குக் கடை போடப் போகும்போது, சிலையருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். பக்கத்தில் கடை போட்டிருப்பவரின் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.